காலைக் கழுவாத பண்ணைக்காரர்

கௌசியா ஜெயித்தது கொஞ்சமில்லை. பிளஸ் டூவோடு போதும் என்ற சொந்தக்காரர்களை ஜெயித்தாள். நாமக்கல் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்து பி.எட். முடித்தாள். நாலு பேர் முன்னால் பேச எழுந்தால் வரும் திக்கலை விரட்டினாள். கடைசியாக, "வீடியோ காட்டி இங்கிலீஷ் இலக்கணமா? சினிமாக் கொட்டாய் அடுத்த தெருவுலீங்க டீச்சர்" என்ற முதல்வர் கந்தவேலையும் ஜெயித்தாள்.

முதல் வீடியோ பாடம் நடந்த அன்றைக்கு அண்ணன் அன்வர் பாட்சாவும் வகுப்பில் இருந்தார். லாரிகளுக்கு ஸ்பீக்கர் பொருத்துகிறவர். பள்ளி ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று தங்கை சொன்னதும், கடையிலிருந்த நல்லதொன்றைத் துடைத்து, ஒயரை இழுத்து இழுத்துப் பார்த்துத் தூக்கி வந்திருந்தார்.

முதல்வர் வைத்த நிபந்தனை இதுதான்: ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கதையைப் பார்த்து ஆளுக்கு அரைப் பக்கம் இறந்தகாலத்தில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் வீடியோவும் கிடையாது, அடுத்த வருஷம் கௌசியாவும் கிடையாது.

வெளிநாட்டுக் கதை ஒன்று ஓடியது. தொப்பிக்காரர் ஒருவர் முட்டைப் பண்ணைக்கு வந்தார். கோழிகளுக்குக் கையாட்டிவிட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தார்.

"மிஸ்!" கனிஷ்கா பெஞ்சு மேலேயே ஏறிவிட்டாள். "அந்தாளு காலைக் கழுவாம உள்ள போறாருங்க மிஸ்!"

"மருந்துத் தண்ணித் தொட்டியே இல்லீங்க!" என்றான் சந்தோஷ்குமார். "போச்சு, அத்தன கோழிக்கும் சீக்கு!"

பாதிப் பேர் கோழிப்பண்ணை வீட்டுப் பிள்ளைகள். வாசல் தொட்டியில் கால் நனைக்காமல் போனால் மாமனாக இருந்தாலும் வெளியே தள்ளுகிற வீடுகள். அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு சேவல் கூவ, லாரி ஸ்பீக்கரில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"முட்டைப் பண்ணையில சேவலுக்கு என்ன சோலி?" வகுப்பே எழுந்து நின்று கத்தியது.

அன்வர் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்க ஓடினார். இந்தக் கூச்சலிலேயே தங்கச்சி வேலை போயிற்று என்று நினைத்தார். அவளோ வீடியோவை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"இங்க கத்துனா அவருக்குக் கேக்குமா? என்னென்ன பண்ணாருன்னு இங்கிலீஷ்ல எழுதுங்க. கமெண்ட்ல போட்டுடலாம்."

பேனாக்கள் பறந்தன. வந்தார், கழுவவில்லை, நுழைந்தார், தொட்டார். அத்தனையும் இறந்தகாலம். அரைப் பக்கம் போதாமல் தாளைத் திருப்பினார்கள்.

சத்தம் கேட்டு வந்த முதல்வர் கந்தவேல் தாள்களை வாங்கிப் படித்தார். அவர் வீட்டிலும் பண்ணை உண்டு. படிக்கப் படிக்க முகம் சிவந்தது.

"ஏனுங்க டீச்சர், தடுப்பூசி போட்டாரான்னும் ஒரு வரி கேட்டுப் போடுங்க. விடக்கூடாது!"

அன்வர் கைதட்டிவிட்டார்.

"அண்ணே, மானத்த வாங்காதீங்க, உக்காருங்க" என்றாள் கௌசியா. அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

தற்காலிக ஆசிரியை என்பதால் அதுவரை வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே கிளார்க்தான் டிக் போடுவார். நிரந்தர ஆசிரியையாக, ம. கௌசியா என்று அவளே அதில் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள்: 10 ஜூன் 2024, திங்கட்கிழமை.