என் மகன் அழ வேண்டும் என்று ஜெபித்த மதியம்

என் மகன் ஜோயல் காரில் ஏறினால் அழுவான். இதெல்லாம் ஒரு கஷ்டமா, இதற்கு ஒரு சாட்சியா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நோயில் கிடந்து எழுந்தவர்கள் சாட்சி சொல்லும் ஜெபக்கூட்டத்தில், பிள்ளை காரில் அழுகிறான் என்று எழுந்து நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் ஆண்டவர் எனக்குச் செய்ததை மனதுக்குள்ளேயே வைத்திருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் செலின். திருமணமாகி மாரண்டஹள்ளிப் பக்கம் வந்தவள். மாமாவும் அத்தையும் தக்காளியும் பீன்ஸும் பயிர் செய்கிறார்கள். என் கணவர் பிரான்சிஸ் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நான் கருவுற்றிருந்தபோது, பேருந்தில் இடிபட்டுப் போக வேண்டாம் என்று அவர் ஒரு பழைய கார் வாங்கினார். அந்தக் காரில்தான் ஜோயலைப் பிறந்த மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வழி முழுவதும் அழுதான். அன்று ஆரம்பித்தது.

சாதாரண அழுகை இல்லை. வண்டியைக் கிளப்பும்போது சிணுங்குவான். தெரு தாண்டுவதற்குள் முகம் சிவந்துவிடும். பிறகு மூச்சை இழுத்து இழுத்துக் கத்துவான். பால் கொடுத்தால் வாயை வைக்க மாட்டான். கண்ணாடியை இறக்கினேன், ஏற்றினேன். கிலுகிலுப்பை ஆட்டினேன். பாட்டுப் போட்டேன். அத்தை மிளகாய் சுற்றிப் போட்டார். மருத்துவரிடம் காட்டினோம். காது, வயிறு எல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, சில குழந்தைகள் இப்படித்தான் என்றார். வண்டியை விட்டு இறங்கினால் சிரிப்பான்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நான் பி.எட். படித்தவள். குழந்தை வளர்ச்சி பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியிருக்கிறேன். என் பிள்ளை எதற்கு அழுகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. நான் சாப்பிட்டது சேரவில்லையா? பிடிக்கிற விதம் தவறா? என் பயம் அவனுக்கும் ஒட்டிக்கொண்டதா? இரவு படுத்தால் இதே யோசனைதான்.

ஒரு நாள் தடுப்பூசிக்குப் போனபோது, அவன் வீறிட்டதைக் கேட்டு என் கணவர் ஒரு கணம் பின்னால் திரும்பினார். எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர். நான் அலறினேன். அவர் வண்டியை வெடுக்கென்று ஒடித்தார். மண்ணில் இறங்கி நின்றோம். ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

"இனிமே இவன ஏத்திக்கிட்டு ஓட்ட என்னால ஆவாது, செலின். ஒரு நாளைக்கு மூணு பேரும் போயிருவோம்."

அன்று மாலையே, குகை போல் கட்டி மாதா சிலை வைத்திருக்கும் கெபிக்குப் போனேன். மெழுகுவர்த்தி ஏற்றி முழங்காலில் நின்றேன். "அம்மா, அவன் காரில் அழக்கூடாது. அது ஒன்று போதும்" என்று கேட்டேன். அடுத்த நாளும் போனேன். ஒவ்வொரு நாளும் போனேன். எனக்கு வேறு எந்த விண்ணப்பமும் இல்லாமல் போனது.

இந்தச் சமயத்தில் என் கணவரோடு வேலை செய்யும் ஒருவர், தன் மகன் வளர்ந்துவிட்டான் என்று குழந்தையை உட்காரவைக்கும் கார் இருக்கை ஒன்றைக் கொடுத்தார். பெல்ட் போட்டுவிட்டால் அசையாது. மடியில் வைப்பதைவிட இதுதான் பாதுகாப்பு என்று நானும் படித்திருந்தேன். எந்த வயதுக் குழந்தைக்கான இருக்கை என்று நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஏம்பா, புள்ளயா, களவாணியா? இப்படிக் கட்டிப் போடறீங்க?" என்றார்.

இருக்கையில் வைத்தும் அவன் அழுதான். அப்போது என் நாத்தனார் போனில் ஒரு யோசனை சொன்னார். "அண்ணி, உங்க மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தான் அழுவுறான். நீங்க முன்னாடி உக்காருங்க. எங்கம்மா அவன் பக்கத்துல இருக்கட்டும். திரும்பிப் பாக்காதீங்க. ரெண்டு தடவ அழுவான், அப்புறம் பழகிருவான்."

எல்லோருக்கும் அது சரி என்று பட்டது. எனக்கும் படத்தான் செய்தது. அப்போது யார் எதைச் சொன்னாலும் எனக்குச் சரி என்றுதான் பட்டது.

பாஸ்கா பண்டிகை முடிந்திருந்தது. காரிமங்கலத்தில் என் தம்பிக்கு நிச்சயம். ஜோயலுக்கு நான்கு மாதம் முடிந்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம் என்று வெயில் ஏறிய பிறகு கிளம்பினோம். என் கணவர் ஓட்ட, நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் ஒரு கதவோரம் இருக்கையில் ஜோயல், நடுவில் அத்தை, மறு கதவோரம் மாமா. வெயில் படக்கூடாது என்று கண்ணாடியில் ஒரு துண்டைச் செருகி, அதன் மறுமுனையை இருக்கையின் மேல் அத்தை இழுத்து விட்டிருந்தார். அவன் முகம் அதற்குள் இருந்தது.

நான் ஒரு முறை திரும்பினேன். மாமா சிரித்தார். "திரும்பாத கண்ணு. லோத்து பொண்டாட்டி கணக்கா உப்புத்தூணா நின்னுருவ. அப்புறம் நிச்சயத்துக்கு உன்னைய எப்பிடித் தூக்கிட்டுப் போறது?"

எல்லோரும் சிரித்தோம். ஜோயல் அழ ஆரம்பித்தான்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. வண்டி கிளம்பினால் ஜெபமாலை தொடங்கிவிடும். அத்தை சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்வோம். தொடங்கிய ஜெபமாலையை இடையில் நிறுத்துவதே கிடையாது. போன் அடித்தாலும் எடுக்க மாட்டார்கள். ஒரு முறை வீட்டில் ஜெபம் நடக்கும்போது மாடு அவிழ்த்துக்கொண்டு தக்காளிக்குள் இறங்கிவிட்டது. மாமா சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, மாலையின் பத்து மணிகளை உருட்டிச் சொல்லும் அந்தப் பத்துமணியை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். மருமகளாக வந்த எனக்கு அது பெரிய விசுவாசமாகத் தெரிந்தது. இன்றும் அப்படித்தான் தெரிகிறது.

அன்றும் அத்தை தொடங்கினார். ஜோயலின் கத்தலுக்கு மேலே எங்கள் குரல். என் முதுகில் ஊசி குத்துவது போல் இருந்தது. மார்பில் பால் கசிந்தது. திரும்பவில்லை. பாலக்கோடு தாண்டினோம். மூன்றாவது பத்துமணி நடந்துகொண்டிருந்தது.

அழுகை நின்றது.

அத்தையின் குரலில் ஒரு சந்தோஷம் ஏறியது. வார்த்தையை மாற்றாமலே சத்தத்தை உயர்த்தினார். என் கணவர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கிச் சிரித்தார். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அந்த வண்டியில் ஜெபம் மட்டும் கேட்டது. மாதா கேட்டுவிட்டார்கள் என்று எனக்கும் கண் கலங்கியது.

ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது. ஜோயல் அழுது ஓய்ந்தால் உடனே அமைதியாகிவிட மாட்டான். விசும்புவான். தூங்கிய பிறகும் நெஞ்சைத் தூக்கிப் போட்டுத் தேம்புவான். இன்று அது கேட்கவில்லை. அழுகைக்கும் அமைதிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

தூங்கிவிட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜெபத்துக்கு நடுவே பேசினால் அத்தை என்ன நினைப்பார்? உதவி வந்திருக்கும்போதே சந்தேகப்படுகிறவள் என்று நினைப்பார். திரும்பினால் அவன் விழித்துக்கொண்டால்? மறுபடி கத்தினால்? இவர் மறுபடி திரும்பினால்? வாய் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே நான் வேறொன்றைச் சொன்னேன். "அம்மா, நான் பயந்தாங்கொள்ளி. எனக்கு எது நிஜம், எது என் பயம் என்று தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

சத்தியமாகச் சொல்கிறேன், எந்தக் குரலும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த பதிலைச் சொல்ல என் வாய் வரவில்லை. நாக்கு நின்றுவிட்டது. என் உடம்பு திரும்பிவிட்டது.

துண்டுக்குக் கீழே அவன் கை தெரிந்தது. விரல்கள் விரிந்து கிடந்தன. தூங்கும்போது ஜோயல் விரலை மூடிக்கொள்வான்.

"அத்தை, துண்ட எடுங்க."

அத்தை ஜெபத்தை நிறுத்தாமல், பொறு என்று உள்ளங்கையைக் காட்டினார்.

"துண்ட எடுங்கன்னு சொல்றேன்! ஏங்க, வண்டிய நிறுத்துங்க!"

அந்த வீட்டில் நான் அப்படிக் கத்தியதே இல்லை. மாமாதான் எட்டித் துண்டை இழுத்தார். ஜோயலின் தலை முன்னால் கவிழ்ந்து, தாடை நெஞ்சில் புதைந்திருந்தது. உதடு நாவல்பழம் தின்றது போல் இருந்தது.

வண்டி நிற்பதற்குள் நான் கதவைத் திறந்துவிட்டேன். சுற்றி ஓடிப் பின்கதவைத் திறந்தேன். பெல்ட்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அமுங்கவில்லை. கட்டைவிரல் வழுக்கியது. அவன் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே ஒரு கையால் அழுத்தினேன். அமுங்கவில்லை. என் கணவர் வந்து இரண்டு கையாலும் அழுத்தினார். விடுபட்டது.

என் கைக்கு வந்த பிள்ளை துணி போல் இருந்தான். கால்கள் தொங்கின. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை உரசுவது போல் கடந்து போனது. நான் தார் ரோட்டின் ஓரத்தில் மண்டியிட்டு அவனைக் கையில் சாய்த்து முதுகைத் தேய்த்தேன். பாதத்தைச் சுண்டினேன். பிரசவ வார்டில் நர்ஸ் அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

"அழ வைங்க ஆண்டவரே! அழ வைங்க! அழுதா போதும், அழுதுக்கிட்டே இருக்கட்டும், எனக்கு வேற எதுவும் வேணாம்!"

இத்தனை நாள் கெபியில் நான் கேட்டதற்கு நேர் எதிராகக் கேட்டேன். அத்தை காரைவிட்டு இறங்கி, கையில் ஜெபமாலையோடு நின்றார். அவர் உதடு அசையவே இல்லை.

ஜோயல் ஒரு முறை விக்கினான். வாயோரம் கொஞ்சம் பால் வழிந்தது. நெஞ்சு மேலே எழுந்தது. பிறகு அழுதான். பூனைக்குட்டி போல் ஆரம்பித்து, பிறகு வழக்கமான அந்தக் கத்தல். முகம் சிவக்கச் சிவக்கக் கத்தினான். என் கணவர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏறு கண்ணு, ஏறு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று மாமா என்னைத் தூக்கிவிட்டார்.

வண்டியைத் திருப்பிப் பாலக்கோட்டுக்கு விட்டோம். வழி முழுவதும் என் மடியில் ஜோயல் கத்திக்கொண்டே வந்தான். யாரும் சமாதானப்படுத்தவில்லை. கொஞ்சம் ஓய்ந்தால் அத்தை அவன் பாதத்தைக் கிள்ளினார். "அழுவுடா என் சாமி. இன்னும் அழுவு. ஊரே கேக்கட்டும்" என்று அவரும் அழுதார்.

மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார். விரலில் கருவி மாட்டிப் பார்த்தார். பிறகு கேள்வி கேட்டார். நாங்கள் இருக்கையைப் பற்றிச் சொன்னோம்.

"அது நல்லா உக்காரப் பழகுன குழந்தைக்குங்க. இவனுக்கு இன்னும் கழுத்தே முழுசா நிக்கல. அழுது களைச்சுத் தூங்கியிருப்பான், தலை முன்னாடி விழுந்துருக்கு, மூச்சுக்குழாய் மடங்கிருச்சு. சத்தம்கூட வராது. கொஞ்சம் லேட் ஆயிருந்தா..." என்றவர் என் பக்கம் திரும்பினார். "யாரும்மா பாத்தது?"

அத்தை முந்திக்கொண்டார். "என் மருமவதாங்க. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், எனக்குத் தெரியல."

அன்று இரவு வரை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். தம்பியின் நிச்சயம் நாங்கள் இல்லாமல் நடந்தது. ஒருவரும் வருத்தப்படவில்லை.

வீட்டில் என்ன மாறியது என்று சொல்கிறேன். அந்த இருக்கையை எடுத்துவிட்டோம். பிறந்த குழந்தைக்கும் பொருந்துகிற, வண்டியின் பின்பக்கம் பார்த்துச் சாய்ந்து படுக்கிற ஒன்றை மருத்துவரிடம் கேட்டு வாங்கினோம். வெயிலுக்கு முன் கிளம்புகிறோம். பால் கொடுத்து, ஏப்பம் விட்ட பிறகுதான் வைக்கிறேன். நான் அவன் பக்கத்தில் உட்காருகிறேன். முகத்தில் எதையும் போடுவதில்லை. அழுகை அதிகமானால் என் கணவர் திரும்புவதில்லை, ஓரம் கட்டி நிறுத்துகிறார். ஒருவர் இறங்கி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறோம். காரிமங்கலம் போக முன்பைவிட இரு மடங்கு நேரம் ஆகிறது. ஆகட்டும்.

ஜெபமாலையும் சொல்கிறோம். இப்போது அவன் அழுதால் அத்தை சொல்லிக்கொண்டிருக்கும் மணியை விரலில் பிடித்தபடி நிறுத்திவிடுகிறார். முதல் முறை அப்படி நிறுத்தியபோது நான் அவரைப் பார்த்தேன். "மாதாவும் கைப்புள்ளைய வெச்சிருந்தவங்கதான. காத்திருப்பாங்க, நீ பாரு" என்றார்.

நான் இப்போதும் பயப்படுகிறவள்தான். இதை எழுதும்போதுகூட, எழுதலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். ஆனால் என் பயத்தைப் பார்க்கிற விதம் மாறிவிட்டது. ஆண்டவர் என்னிடமிருந்து அதைப் பிடுங்கி எறியவில்லை. அன்று அதையே பிடித்து என்னைத் திருப்பினார். நான் கேட்டதைத் தராமல், எனக்கு வேண்டியதைத் தந்தார்.

கைக்குழந்தையோடு தவிக்கும் என் சகோதரிகளே, ஜெபியுங்கள். கேட்டுக்கொண்டே இருங்கள். ஆனால் ஜெபித்துக்கொண்டிருக்கும்போது, போய்ப் பிள்ளையைப் பார் என்று உள்ளுக்குள் தோன்றினால், அந்த நொடியே எழுந்து போய்ப் பாருங்கள். யார் என்ன நினைப்பார்கள் என்று நிற்காதீர்கள். ஜெபத்தைக் கேட்கிறவரேதான் உங்களை எழுப்புகிறார். அவரை நம்புங்கள். அவர் கொடுத்திருக்கிற உங்கள் தாய் மனதையும் நம்புங்கள்.

என் மகன் இன்றும் காரில் அழுகிறான். ஆண்டவருக்கு நன்றி.