ஒரே ஆள், இரண்டு வாசல்

போன ஞாயிறு முழுவதையும் பொலிஸ் ஸ்டேஷன் வாங்கில் குந்தியிருந்து கழித்தேன். உங்களில் பலருக்கும் பழகிய வாங்குதான்.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வீடு மாறி ஒரு மாதம். கொழும்பில் தமிழர் என்றால் வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிய வேண்டும் அல்லவா? புது வீட்டுக்காரர் ஒழுங்காகப் பதிந்துவிட்டார். ஞாயிறு காலையில் சுற்றிவளைத்து, எங்களை ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போனார்கள். பதிவுத் துண்டைக் காட்டினேன். சார்ஜன்ட் எங்கோ போன் போட்டார்... வெள்ளவத்தைப் பதிவிலும் நான் இருக்கிறேனாம்!

"ஒரு ஆள் எப்படி ரெண்டு வீட்டில?" என்று சிங்களத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. ஐந்து மணிக்குள் யாரும் பொறுப்பேற்காவிட்டால் வேறு இடத்துக்கு அனுப்புவோம் என்றார். பயந்துவிட்டேன், ஒளிப்பானேன்?

மனைவி போன் பண்ண, நாலரைக்குப் பழைய வீட்டுக்கார அன்ரி ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"நான்தான் தம்பி பேரை வெட்டேல்லை. அங்க சரிவராட்டி திரும்பி வருவீங்கள் எண்டு விட்டுட்டன்."

இந்த அன்பை எப்படிக் கோபிப்பது? கையெழுத்து வைத்து என்னை மீட்டவரும் அவர்தான்.

மறுநாள் அலுவலகத்தில் என் மேசையை மாற்றிவிட்டார்கள். கொம்பியூட்டரைத் தூக்கிப்போய்ப் புது இடத்தில் வயரைச் செருகினேன் — உடனே வேலை செய்தது! நெட்வேர்க் பார்க்கும் பாஸிலைக் கூப்பிட்டேன்.

"இடம் மாறினதை ஒருத்தருக்கும் அறிவிக்கத் தேவையில்லையா?"

"இல்ல அண்ணே. ஒவ்வொரு மெஷினுக்கும் ஃபேக்டரியில செய்யக்குள்ளயே ஒரு நம்பர் போட்டிருக்கு. அது கதைச்சா, எந்த வாசலால, அதான் எந்த ஓட்டையில செருகின வயரால, கதைக்குது எண்டு இந்தா இந்த சுவிட்ச் பெட்டி எழுதி வைக்கும். வேற வாசலால கதைச்சா பழசை அழிச்சிட்டுப் புதுசை எழுதும்."

"அதுக்குத் தெரியாத ஆளுக்கு ஏதும் வந்தால்?"

"மத்த எல்லா வாசலுக்கும் அனுப்பும். உரிய ஆள் பதில் சொன்னா அதையும் எழுதிக்கும்."

சந்தேகம் இல்லை, விசாரணை இல்லை, அன்ரி வரத் தேவையில்லை. அந்தச் சின்னப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பொறாமையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒண்டும் கதைக்காமலே கிடந்தால்?"

"அஞ்சு நிமிஷம் பார்க்கும் அண்ணே. பிறகு மறந்திடும்."

செவ்வாய்க்கிழமை லீவு போட்டு, பெயரை வெட்ட வெள்ளவத்தைப் பொலிஸில் வரிசையில் நின்றேன். பதிவுப் புத்தகம் வேறு ஐயாவிடமாம்... நாளைக்கு வரட்டாம்.

ஐந்து நிமிடம்! நான் இந்தக் கொழும்பில் பதினொரு வருடமாக வாயே திறக்கவில்லை — இன்னும் என்னை மறக்கிறார்கள் இல்லையே.