கழுத்தில் எடுத்தார்கள், கை இழுத்தது

எனக்கு முப்பத்து நான்கு வயதில் கழுத்தில் கழலை வந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. சிம்மக்கல்லில் குடியிருந்தோம். நான் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. எச்சில் விழுங்கும்போதெல்லாம் தொண்டையில் ஓர் உருண்டை ஏறி இறங்கும். முன் பெஞ்சுப் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு அதையே பார்த்தார்கள். "சுரப்பிகள் பாடம் வரும்போது இதையே காட்டி நடத்துறேன். அதுவரைக்கும் போர்டைப் பாருங்க" என்றேன். வகுப்பு சிரித்தது. எனக்குப் பயமில்லை. தைராய்டைப் பற்றி நான் படித்திருந்தேன், பல வருடம் நடத்தியும் இருந்தேன்.

கழுத்தைத் தடவிப் பார்த்த அறுவை மருத்துவருக்கு என் வயதுதான் இருக்கும். இரண்டு பக்கமும் கட்டி இருப்பதால் சுரப்பியை ஏறக்குறைய முழுவதுமே எடுத்துவிட வேண்டும் என்றார். சரி என்று சொல்லிவிட்டு, என் சந்தேகத்தைக் கேட்டேன்.

"தைராய்டுலதான கால்சிடோனின் சுரக்குது? ரத்தத்துல கால்சியம் கூடினா குறைக்கிறது அதுதான. சுரப்பியையே எடுத்துட்டா கால்சியம் ஏறிடாதா டாக்டர்?"

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதைக் கேட்ட முதல் பேஷன்ட் நீங்கதான் டீச்சர். ஏறாது. எறங்குனாத்தான் எனக்குக் கவலை. வாயைச் சுத்தி மதமதன்னு இருந்தா உடனே சொல்லிருங்க."

ஏறாது என்பதை ஒரு மரியாதைக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். கால்சிடோனின் அப்போதுதான் எங்கள் பாடப்பகுதிக்குள் வந்திருந்த புதுப்பெயர். அதைக் கரும்பலகையில் எழுதி, அம்புக்குறி போட்டு, எலும்புக்குள் கால்சியத்தை அனுப்புகிறது என்று விளக்குவதில் எனக்கொரு தனிப் பெருமை உண்டு. அது இல்லாமல் உடம்பு எப்படிச் சமாளிக்கும் என்று மனதுக்குள் விவாதித்துக்கொண்டேதான் மயக்க மருந்துக்குப் போனேன்.

துணைக்கு சமயநல்லூரிலிருந்து என் அக்கா வந்திருந்தாள். வயலும் மாடுமாகப் பிழைப்பவள். ஆஸ்பத்திரியில் சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பெரிய தண்டனை. ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் காலை, கஞ்சியை ஆற்றி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். வாங்கும்போது உதட்டோரம் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. பிறகு விரல் நுனிகளில். டம்ளரைப் பிடித்த கை என் சொல்லைக் கேட்கவில்லை. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய் மடங்கிக்கொண்டது. மற்ற விரல்கள் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கஞ்சி போர்வையில் கொட்டியது.

"ஏடி, கையை ஏன் இப்புடி வச்சிருக்க? சோறில்லாம கஞ்சியவே ஊத்துனா கை இழுக்காம என்ன செய்யும்!" என்று அக்கா என் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். வலித்தது. அவளுடைய சத்தத்துக்கு நர்ஸ் ஓடி வந்தார்.

"பயத்துல வேகமா மூச்சு விட்டாலும் இப்படி இழுக்கும் டீச்சர். நிதானமா விடுங்க."

"நான் பயப்படல சிஸ்டர்." ஆபரேஷனால் குரல் கரகரத்துத்தான் வந்தது. ஆனாலும் வகுப்பில் பேசுவதுபோலவே சொன்னேன். "வாயைச் சுத்தி மதமதங்குது. கால்சியம் எறங்கிருச்சு. டாக்டரைக் கூப்பிடுங்க."

நர்ஸ் வார்டின் மறுகோடிக்கு ஓடினார். வார்டுக்குள்ளேயே இருந்த டாக்டர் வந்து, என் காதுக்கு முன்னால் கன்னத்தில் விரலால் லேசாகத் தட்டினார். தட்டியதும் அந்தப் பக்க உதடு தானாகத் துடித்தது. மறுபடி தட்டினார், மறுபடி துடித்தது. "சரியாத்தான் சொல்லிருக்கீங்க" என்று சொல்லி, ரத்த நாளத்தில் கால்சியம் ஊசியை மிக மெதுவாகச் செலுத்தினார். தொண்டையில் ஒரு சூடு கிளம்பி நெஞ்சு, வயிறு என்று பரவியது. ஊசி முடிவதற்குள் கட்டைவிரல் விலகி வெளியே வந்தது. நானே அதை மடக்கி நீட்டிப் பார்த்தேன்.

"சுண்ணாம்புச் சத்தையா ஊசில ஏத்துனீக?" என்றாள் அக்கா. "அது எலும்புக்குத்தான?"

"நரம்புக்கும் வேணும்மா. ரத்தத்துல அது குறைஞ்சா நரம்பு சும்மா இருக்காது. இப்படித்தான் பிடிச்சு இழுக்கும்" என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பினார். "தைராய்டுக்குப் பின்னால நாலு பாராதைராய்டு ஒட்டிக்கிட்டு இருக்குமே, துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். கால்சியம் குறைஞ்சா ஏத்தி விடுறது அதுகதான். நாலையும் விட்டுட்டுத்தான் வெட்டினேன். ஆனா பக்கத்துல கத்தி போனதுல அதுகளுக்கு ரத்த ஓட்டம் கொஞ்சம் தடைப்பட்டிருக்கு. தேறிடும்."

"அப்ப கால்சிடோனின்?"

"அது போனதை உடம்பு கண்டுக்கவே இல்ல டீச்சர். இதுக கொஞ்ச நாள் லீவு போட்டதுக்குத்தான் இம்புட்டு ரகளை."

இரண்டும் எதிரெதிராக நின்று சமபலத்தில் இழுப்பதாகத்தான் நான் நடத்தி வந்தேன். கால்சிடோனின் செய்வதாகப் படித்தது பொய்யல்ல. ஆனால் நம் உடம்பு அதை நம்பிப் பிழைக்கவில்லை. படுத்தபடியே இதைப் புரிந்துகொண்டபோது எனக்கு வந்தது சந்தோஷம்தான். என் சொந்த ரத்தத்திலேயே சோதனை நடந்து விடை வந்திருந்ததே!

கால்சியம் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வாரங்களில் ரத்தப் பரிசோதனை பார்த்து அதைக் குறைத்து, பிறகு நிறுத்தியும் விட்டார்கள். நிறுத்திய வாரம் முழுவதும் அக்கா சமயநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்து என் கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள். உதடு துடிக்கவில்லை. தைராய்டு மாத்திரை மட்டும் ஆயுளுக்கும் என்றார்கள். அதை இன்றும் விடிந்ததும் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்கிறேன்.

அந்த வருடக் கடைசியில் டாக்டர் ஆள் அனுப்பினார். கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து ஒரு பெண் கழலையோடு வந்திருக்கிறாள், ஆபரேஷன் என்றதும் அழுகிறாள், நீங்கள் வந்து பேச முடியுமா என்று. போனேன். காலர் மாதிரி முன்கழுத்தில் வளைந்திருந்த தழும்பைக் காட்டினேன். கை இழுத்ததை ஒளிக்காமல் சொன்னேன். உதட்டோரம் எறும்பு ஊர்ந்தால் உடனே சத்தம் போட்டுக் கூப்பிடு, ஊசி போட்டால் விட்டுவிடும் என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அம்புட்டுத்தானாக்கா?"

"அம்புட்டுத்தான்" என்றேன்.