மைக்கில் சொன்ன கன்ன ரகசியம்

பட்டிமன்றத்தில் வாய் கிழியப் பேசுகிறவன் என்பதால், குரங்கணியில் ஏலத்தோட்டத்துப் பெண்களைக் கொரோனா ஊசிக்குச் சம்மதிக்க வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. முன்மாதிரியாக நான் முதலிலேயே போட்டுக்கொண்டேன். முகாமன்று காலை கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கன்னமும் பணியாரமாக வீங்கியிருந்தன.

மதுரை டாக்டருக்கு போன் போட்டேன். "உங்களுக்குக் கன்னத்துல ஃபில்லர் ஜெல் வச்சோம்ல, அதுதான். தடுப்பூசிக்கப்புறம் சிலருக்கு வீங்கும். மருந்துல சரியாயிரும்" என்றார்.

முகாமில் வரிசையின் முன்னால் நின்ற செல்வி என்னைப் பார்த்ததும் பின்வாங்கினாள். "ஊசி போட்ட அண்ணன் மூஞ்சியப் பாருங்க. வாங்கத்தா, சோலியப் பாப்போம்."

வரிசை மொத்தமும் தோட்டத்துக்குப் போகும் ஜீப்பை நோக்கித் திரும்பியது.

வீட்டுக்காரிக்கே தெரியாததை மைக்கில் சொன்னேன். "மேடையில இளமையாத் தெரியணும்னு கன்னத்துல ஜெல் வச்சேன்த்தா. இந்த ஊசிக்கு அந்த ஜெல்லுதான் வீங்கியிருக்கு. ஜெல் வைக்காதவுகளுக்கு இந்த வீக்கம் வராது."

செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வச்சுமாண்ணே இப்பிடி இருக்கீக?"

கூட்டம் சிரித்தது. சிரித்தபடியே அவள் கையை நீட்டினாள். மற்றவர்களும் வரிசைக்குத் திரும்பினார்கள்.

கைதட்டு வாங்கப் பேசியதெல்லாம் எனக்கே மறந்துவிட்டது. கேலி செய்வார்கள் என்று தெரிந்தே பேசிய அந்த நாலு வார்த்தையில்தான் இன்றைக்கும் எனக்குப் பெருமை.