பயத்தில் வந்த சக்கரை

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் சாலை மறியல் நடந்த வருஷம், எங்கள் வீட்டிலிருந்து ரோட்டில் போய் உட்கார்ந்தவள் என் மனைவி. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று நான் வீட்டிலேயே தங்கிவிட்டேன். அந்த மாடு வாழ்நாளில் அவ்வளவு தண்ணீர் குடித்ததில்லை.

ரிஷிவந்தியத்தில் அவளைப் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். சாயங்காலம் விட்டுவிடுவார்கள் என்றார்கள்; ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் உள்ளே நன்றாகத் தூங்கினாளாம். வெளியே எனக்குத்தான் தூக்கம் போனது. ஜீப் சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். டீயும் பன்னுமே சாப்பாடு. ஓயாத தாகம், ஓயாமல் கொல்லைப்பக்கம் ஓட்டம். மச்சான் கள்ளக்குறிச்சிக்கு இழுத்துப்போய் ரத்தம் பார்த்தால், சக்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். நான் மலைமேல் கரியாலூருக்கு ஏறி, பயந்த கோளாறுக்கு மந்திரிக்கிறவரிடம் வேப்பிலை அடித்துக் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டேன். பயத்தில் வந்தது பயம் போனால் போய்விடும் என்பது என் கணக்கு. அவள் கழுத்தில் மாலையோடு திரும்பி வந்த அன்று ஊருக்கே மைசூர்பாகு கொடுத்தேன். பாதியை நானே தின்றேன்.

கொஞ்ச நாளில் காலில் ஒரு புண். ஆறவில்லை. பீரோ மேலிருந்த மாத்திரையை அவள் எடுத்துப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, ஒண்ணுகூட பிரிக்கல?"

"நீதான் வந்துட்டியே. சக்கரையும் போய்க்கினே இருக்கும்."

"ஜெயிலுக்குப் போனது நானு. சக்கரை உனக்கா?" என்று சிரித்தாள்.

மறுநாள் டாக்டர் முன்னால் அவள் அப்படிச் சிரிக்கவில்லை. "என்னாலதான் இவருக்கு வந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "உங்க அப்பாவுக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"அப்ப உங்க உடம்புல ஏற்கெனவே அது வர்ற வாகு இருந்திருக்கு. மனக்கஷ்டமும் தூக்கம் கெட்டதும் சக்கரையை ஏத்தும், அது நெஜம். சீக்கிரமா வெளியே கொண்டாந்திருக்கலாம். அது மட்டுந்தான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா பயம் போனா இது தானா போயிடும்னு உக்காந்திருந்தீங்கன்னா, கால் போயிடும்."

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "இனிமே மறியலுக்குப் போவல."

கால் போகும் என்று டாக்டர் சொன்னபோதுகூட எனக்கு இப்படி இருக்கவில்லை. ஊரில் ஆம்பளைகளே பின்வரிசையில் நின்றபோது முதல் வரிசையில் உட்கார்ந்தவள். என் பயந்த கோளாறுக்கும் மைசூர்பாகுக்கும் அவள் எழுந்துகொள்வதா?

"எங்கப்பன் குடுத்த சொத்துடி இது. நீ எதுக்குப் பங்கு கேக்கற?" என்றேன். பையிலிருந்து மாத்திரையை எடுத்து, பக்கத்து சீட்டுக்காரரிடம் தண்ணீர் வாங்கி, அவள் முகத்துக்கு நேரே காட்டி விழுங்கினேன். "நான் இத போட்டுக்கினு இருக்கேன். நீ மறியலுக்குப் போய்க்கினு இரு."

புண் ஆறியது. சக்கரை இறங்கியது, விட்டுப் போகவில்லை. அடுத்த மறியலுக்கு அவள் கிளம்பினாள். மாட்டை மச்சானிடம் விட்டுவிட்டு நானும் போனேன். அவசரத்துக்கு ஒதுங்க வசதியாக ஓரமாய் உட்கார்ந்தேன்.

முன்வரிசையில் யாரோ ஒரு பெண், "அந்த ஓரத்துல இருக்கறது யாருக்கா?" என்று கேட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு," என்றாள் அவள், கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி.