வலி மாத்திரையும் ஸ்டியரிங்கும்

முத்துப்பாண்டி அன்று காலை என் கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். மதுரை தல்லாகுளத்தில் திங்கட்கிழமை கூட்டம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்தச் சத்தத்திலும் தூங்கினார். சிஸ்டர் ஜெயா மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் எழுந்து உள்ளே வந்தார்.

அவர் மினிபஸ் டிரைவர். மாட்டுத்தாவணியிலிருந்து திருவாதவூர் ரூட். சில வருடங்களாக முதுகுவலி. ஸ்கேனில் ஆபரேஷன் தேவைப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. நான் கொடுத்திருந்தது சாதாரண வலி மாத்திரையும் உடற்பயிற்சியும்தான்.

"ஒரு ஊசி மட்டும் போட்டு விடுங்க டாக்டரம்மா. டிரிப்புக்கு நேரமாச்சு."

பேச்சு இழுத்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்மணி இரண்டும் ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தன. மாத்திரை மயக்கம் என்று புரிந்தது.

"என்னென்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். வேறொரு டாக்டர் இரவுக்கு மட்டும் எழுதிய நரம்பு மாத்திரையைக் காலையிலும் போட்டிருக்கிறார். அதோடு லாரி ஓட்டும் நண்பர் கொடுத்த டிரமடால் என்ற, அபின் வகை வலி கேப்ஸ்யூல். ஒன்று கேட்கவில்லை என்று இரண்டு. இரண்டு வகையும் தூக்கத்தைக் கொண்டுவருபவை. சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும்.

ஆக்சிஜன் அளவு பார்த்தேன். அப்போதைக்குப் பரவாயில்லை. அவரோ பைக் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

"நான் வாரேன்."

"முத்துப்பாண்டி, உக்காருங்க. இன்னைக்கு நீங்க பஸ் எடுக்கக் கூடாது. பைக்கும் எடுக்கக் கூடாது."

"ஓட்டலேன்னா வேலை போயிரும்."

"தெரியும். ஆனா நீங்க கிளம்பினா உங்க ஓனருக்கு நான் போன் பண்ணுவேன். ஒளிச்சு மறைச்சு இல்ல, உங்ககிட்ட சொல்லிட்டே பண்றேன்."

சொல்லிவிட்டேனே தவிர, ஓனர் நம்பர் என்னிடம் இல்லை. அந்த பஸ்ஸின் பெயர்கூடத் தெரியாது. ஒரு நோயாளியின் விஷயத்தை வெளியே சொல்வது எனக்குப் பழக்கமில்லாத காரியம். அதோடு, அவர் பிழைப்பில் நானே மண் அள்ளிப் போட்டால் இனி எந்த டாக்டரிடமும் உண்மையைச் சொல்ல மாட்டார். விட்டாலோ, பஸ் நிறைய ஆட்கள். அவர் கதவைப் பார்த்தார். நான் அவர் கையைப் பார்த்தேன்.

கடைசியில் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, அவரே ஓனருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, இன்னைக்கு என்னால ஓட்ட முடியாதுண்ணே. மாத்திரை மயக்கமா இருக்கு."

எதிர்முனையில் ஓனர் குரல் எனக்கே கேட்டது. "சரி, மாத்து ஆள் பாக்குறேன். நாளைக்கு நேர்ல வா, பேசணும்."

மதியம் வரை உள் அறையில் படுக்கவைத்தோம். ஜெயா பக்கத்திலேயே இருந்து மூச்சைக் கவனித்தார். கொஞ்சம் தெளிந்ததும் முத்துப்பாண்டி என்னைக் கூப்பிட்டார்.

"போன வாரம் ஒத்தக்கடை தாண்டி ஒரு திருப்பத்துல கண்ணு சொருகிருச்சு டாக்டரம்மா. கண்டக்டர் விசில் அடிச்சுத்தான் முழிச்சேன். உள்ள அம்புட்டும் பள்ளிக்கூடத்துப் புள்ளைக."

"அன்னைக்கே ஏன் வரல?"

"வந்தா மாத்திரைய நிறுத்திருவீக. நிறுத்துனா வலியில ஸ்டியரிங்க திருப்ப முடியாது. எப்படிப் பாத்தாலும் வண்டி ஓடாது."



உடம்பு பழகிவிட்டதால் டிரமடாலைச் சட்டென்று நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். மாத்திரையை மனைவி செல்வி கையில் வைத்துக்கொண்டு வேளைக்கு எடுத்துக் கொடுத்தார். தூக்கம் வராமல், உடம்பெல்லாம் முறுக்கி, என்மேல் கோபப்பட்ட நாட்கள் உண்டு. ஒவ்வொரு முறையும், அடுத்த தடவை வருவாரா என்று பயந்துகொண்டேதான் அனுப்பினேன். வந்தார். நடைப்பயிற்சி, முதுகுக்கான பயிற்சி, சீட்டில் முதுகுக்கு முட்டுக்கொடுக்க ஒரு குஷன். ஓனர் அவரைக் கைவிடவில்லை. பஸ் ஸ்டாண்டில் நேரம் பார்க்கும் வேலையில் வைத்திருந்து, மயக்கம் தரும் மாத்திரைகள் முழுக்க நின்றுவிட்டன என்று நான் எழுதிக் கொடுத்த பிறகே ஸ்டியரிங்கைக் கொடுத்தார்.

கூட்டம் இல்லாத நாளாக இருந்திருந்தால் அவர் காத்திருந்திருக்க மாட்டார், தூங்கியிருக்கவும் மாட்டார். நேராக உள்ளே வந்து ஊசி கேட்டிருப்பார். அவர் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்திருப்பேனா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். நாள்பட்ட வலியோடு வருகிறவரிடம், வலி எங்கே, எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். வேறு யார் கொடுத்த எதைச் சாப்பிடுகிறார், இங்கிருந்து கிளம்பி என்ன வேலைக்குப் போகிறார் என்றும் கேளுங்கள். கேட்கும்போது திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை மாத்திரை சட்டைப் பையிலேயே இருந்துவிடும்.

போன மாதம் வந்தபோது, வலி போய்விட்டதா என்று முத்துப்பாண்டியிடம் கேட்டேன்.

"எங்கிட்டுப் போகுது, அது இருக்கு டாக்டரம்மா. நானும் முழிச்சிருக்கேன்."