தம்பியின் தோளும் நவம் அண்ணையின் நட்சத்திரமும்

வெள்ளிக்கிழமை காலை, பாரிஸ் லா சப்பலில் நான் வேலை செய்யும் புடவைக்கடையின் இரும்புக் கதவைப் பாதி தூக்கியபோது நண்பன் சிவத்தின் அழைப்பு வந்தது. "நவம் அண்ணை போயிட்டார். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவராம்" என்றான். எனக்கு முதலில் வந்தது கோபம். இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா மனுசன்? ஞாயிற்றுக்கிழமை தம்பி திரும்ப விளையாட இருந்தான்.

நவம் அண்ணையோடு பழகிய உங்களுக்குத் தம்பி யாரென்று தெரியும். பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அவன் அவருடைய உறவுக்காரன் அல்ல. அமெரிக்க உதைபந்தாட்டத்தில் பேர்போன குவாட்டர்பேக். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். எறிவதா, ஓடுவதா, யாரிடம் கொடுப்பதா என்று கண்மூடித் திறப்பதற்குள் தீர்மானிக்கவேண்டியவன் அவன். பாரிஸில் இப்படியொரு அண்ணை தனக்கு இருந்தார் என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

அண்ணை சமையல் வேலை செய்த உணவகத்துக்கு அமெரிக்கர்கள் நிறைய வருவார்கள். சாப்பாட்டுத் தட்டை நீட்டும் துவாரத்தால் ரீவி தெரியும். தம்பி எறிவதைப் பார்ப்பார். அதற்குள் அடுப்பில் ஏதாவது பொங்கும். பந்தைப் பிடித்தார்களா இல்லையா என்பதை வெளியே எழும் சத்தத்தில்தான் அறிந்துகொள்வார். "கையை விட்டாப்பிறகு பந்து எங்கடை இல்லை. அதுக்கு முன்னம் வடிவாப் பாத்து எறியவேணும், அவ்வளவுதான்" என்பார். பிள்ளை வளர்ப்பதற்கும் விசா விண்ணப்பத்துக்கும் அவரிடம் இதே பதில்தான்.

அண்ணை வேலையை விட்டபின் ஞாயிறு மாலைகளில் மார்க்ஸ் டோர்மோயில் உள்ள அவர் வீட்டில் கூடுவோம். சிவம் சலூனைப் பூட்டிவிட்டு வருவான். இந்த விளையாட்டின் சட்டம் ஒன்றும் விளங்கவில்லை என்று அவன் முதல் நாளே புறுபுறுத்தான். "ஊரிலை கோடு கீறி மறிச்சு விளையாடின கிளித்தட்டுத்தான்ரா. என்ன, எல்லாரும் இரும்புத்தொப்பி போட்டிருக்கிறாங்கள்" என்றார் அண்ணை. அது சரியான விளக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அதன்பிறகு சிவம் ஒரு ஆட்டத்தையும் தவறவிடவில்லை.

ஒரு மாலையை நான் மறக்கமாட்டேன். மலை மாதிரி மூன்று பேர் தம்பியைத் துரத்தினார்கள். ஒருவன் சட்டையைப் பிடித்தும்விட்டான். தம்பி சுழன்று கழன்று எல்லைக்கோட்டோரம் ஓடினான். அடுத்த அடி வெளியே விழும் என்ற நேரத்தில், சரிந்துகொண்டே, ஓடிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பந்தை எறிந்தான். அது மைதானத்தின் மறுமூலையில் தன்னந்தனியாக நின்றவன் நெஞ்சில் போய் விழுந்தது. நாங்கள் துள்ளிக் கத்தினோம். அண்ணை கத்தவில்லை. கண் கலங்க, "அவன் அங்கை நிக்கிறானெண்டு இவனுக்கு எப்பிடியடா தெரியும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அண்ணையின் மனைவி ராணி அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, ஆருக்கும் பிள்ளை பிறந்திட்டுதோ?" என்றார்.

போன பருவத்தில் தம்பியின் தோள்மூட்டு விலகியது. இனி எறிவானா என்பதே சந்தேகம் என்றார்கள். அதே நாட்களில் அண்ணையின் இதயத்தில் அடைப்பு என்று வைத்தியர்கள் ஒப்பரேசனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன் ஒரு அர்ச்சனை செய்யவேண்டும் என்று பிள்ளையார் கோயிலுக்கு என்னையும் அழைத்துப் போனார்.

"ஆற்றை பேருக்கு?" என்றார் ஐயர்.

அண்ணை தம்பியின் முழுப்பெயரையும் சொன்னார். ஐயர் பேரை இரண்டாம் தரமும் கேட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனார்.

"நட்சத்திரம்?"

அண்ணை கொஞ்சம் விழித்தார். பிறகு, "அனுஷம்" என்றார். அது அவருடைய நட்சத்திரம். தம்பியின் பெயர் சமஸ்கிருத மந்திரத்துக்குள் தட்டுத்தடுமாறிப் புகுந்து போனது.

வெளியே வந்ததும் நான் கத்திவிட்டேன். "உங்களுக்கு நெஞ்சைப் பிளக்கப்போறாங்கள், நீங்கள் அவன்ரை தோளுக்கு அர்ச்சனை செய்யிறியளோ?"

"கத்தாதை. பேர் அவன்ரை, நட்சத்திரம் என்ரை. பிள்ளையார் ரெண்டு பேரையும் பாத்துக்கொள்ளுவார்" என்று சிரித்தார்.

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கும் வந்துவிட்டார். தம்பி திரும்பும் நாளை அறிவித்ததும் எல்லோருக்கும் போன் எடுத்து, "சாப்பிட றோல்ஸ் நான் செய்யிறன், நீங்கள் வாங்கோ" என்றார். அந்த ஞாயிறைத்தான் அவர் காணவில்லை.

சாவீட்டில் ரீவி போடுவதில்லை. அன்று மாலை சொந்தக்காரர் நிறைந்திருந்த வரவேற்பறையில் நானும் சிவமும் தலைகுனிந்து இருந்தோம். ஏழு மணியளவில் ராணி அக்கா எழுந்து ரீவியைப் போட்டு, அதன் சத்தத்தை மட்டும் நிறுத்தினார். வில்லியே லே பெல்லிலிருந்து வந்திருந்த மாமி ஒருவர், "என்ன பிள்ளை இது!" என்று பதறினார். "அவர் பாக்கவெண்டு இருந்தது மாமி" என்றார் அக்கா.

தம்பி பந்தை வாங்கினான். பின்வாங்கினான். தூரத்துக்கு எறிந்தான். எங்களுக்குக் கத்த வாய் வரவில்லை. பிடித்தார்களா என்று அறிய அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"பிடிச்சிட்டானோ?" என்றார் அக்கா. கண்ணீரில் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

"ஓம் அக்கா."

"தோள்?"

"நல்லாயிருக்கு அக்கா."

"அந்த அர்ச்சனை ஒராளுக்கெண்டாலும் பலிச்சுதே" என்றார்.

நவம் அண்ணையிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். அடுத்த பருவம் தொடங்கும்போது பிள்ளையார் கோயிலுக்குப் போவேன். தம்பியின் பெயரைச் சொல்வேன். ஐயர் நட்சத்திரம் கேட்பார். அனுஷம் என்பேன்.